தம்பியின் முறையீட்டுக் கடிதம்

ஒக்டோபர், செவ்வாய் இரவு

லண்டனில் படிக்கும் தம்பி சுதனுக்கு வகுப்பு வரவு குறைந்துவிட்டது. முறையீட்டை ஏற்காவிட்டால் கல்லூரி அவனை நீக்கிவிடும். பிறகு விசாவும் போய்விடும்.

பின்னேரம் ஃபோன் எடுத்தான். "அக்கா, நீங்கள் இங்கிலீஷ் ரீச்சர்தானே. கடிதத்தை ஒருக்காப் பாத்துத் திருத்தி விடுங்கோ. நாளைக்குக் குடுக்கவேணும்."

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவன், எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்ததும் போகத்தான் நின்றான். கல்லூரி அவ்வளவு நாள்தான் விடுப்புக் கொடுத்திருந்தது. நான்தான் விடவில்லை.

"கொள்ளி வைச்ச ஒரே ஆம்பிளைப் பிள்ளை அந்தியேட்டிக்கு முதல் போனா சனம் என்ன கதைக்கும்? காரணம் சொன்னா அவங்களுக்கு விளங்கும்தானே" என்று கத்தினேன்.

அம்மாகூட, "அவனை விடு பிள்ளை, போகட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலுக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை எல்லாம் செய்து முடித்த பிறகுதான் அவன் விமானம் ஏறினான்.

ஏன் உடனே திரும்பவில்லை என்ற கல்லூரியின் கேள்விக்கு அவன் கடிதத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தான். தங்கியது தன் சொந்த முடிவு, வீட்டில் ஒருவரும் மறிக்கவில்லை என்று.

அதை வெட்டிவிட்டு, அக்காதான் மறித்தார் என்று எழுதச் சொல்லியிருக்கலாம். நானே கையெழுத்து வைத்து ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். ஒருவேளை அவர்கள் இரங்கியிருப்பார்கள்.

அந்த வரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

"பெரிய உதவி அக்கா" என்று உடனே பதில் போட்டிருக்கிறான்.