வரனுக்கு ஐந்து நாள் மாத்திரை

ஜூன் 11, புதன்

விடியலிலிருந்து மழை. சுவரெல்லாம் பூஞ்சை, நெஞ்செல்லாம் இழுப்பு. ஆபீஸ் போகிற வழியில் ஜங்லிகாட் மருந்துக்கடை. நான் வாயைத் திறக்குமுன் கடைக்காரன், "தீதி, வஹி பாஞ்ச் தின் வாலா?" அதே ஐந்து நாள் மாத்திரைதான். ஸ்டீராய்டு. சீட்டு கேட்பதே இல்லை.

ஞாயிறு, மகள் சிந்துவைப் பெண் பார்க்க ஹேவ்லாக் தீவிலிருந்து வருகிறார்கள். அவள் அப்பா உத்தரவு: "இன்ஹேலர் பம்ப எடுத்து உள்ள வை. அம்மாவுக்கு வீசிங்னா பொண்ணுக்கும் இருக்கும்பாங்க." இவருக்கு ஒரு நாள் மூச்சு முட்டிப் பார்க்கவேண்டும்.

ரவை, முந்திரி, கடலை மாவு. புது திரைச்சீலை.

ஜூன் 13, வெள்ளி

கையில் காரணமில்லாமல் நீலக் கன்றல். ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மலையாளி, சின்ன வயசு. "மாத்திரை இந்த வருஷம் எத்தனை தடவை?"

ரெண்டு என்றேன். பொய். திருச்சி வரனுக்கு ஒன்று, மாயாபந்தர் வரனுக்கு ஒன்று, ஜாதகம் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு ஒன்று, டிக்லிபூர்க்காரர்கள் கப்பல் கிடைக்காமல் வராதபோதும் ஒன்று. இது ஐந்தாவது.

மாத்திரையால் சுகர் ஏறியிருக்கிறதாம். எலும்பும் கண்ணும் பார்க்கவேண்டுமாம். "பம்ப் டெய்லி எடுத்தா இந்த மாத்திரை இவ்வளவு வேண்டாம்மா." வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்?

ஜூன் 15, ஞாயிறு

வந்தார்கள். ஒரு இருமல் இல்லை எனக்கு. பையனின் அம்மா, "உங்க முகம் நல்லா பூரிச்சு களையா இருக்கு" என்றாள். மாத்திரை வீக்கம், தாயே.

"வீட்ல யாருக்காவது சுகர், வீசிங்?"

இவர் முந்திக்கொண்டு, "பில்குல் நஹி, யாருக்குமே இல்ல." நானும் தலையாட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

பேசி முடித்தாயிற்று. ஆவணியில் கல்யாணம். இவர் மூன்று தட்டு கேசரி தின்றார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மழை விடவில்லை. சிந்துவின் கைப்பை தொப்பலாக நனைந்து வந்தது. காயவைக்கக் கொட்டினேன். சீப்பு, பஸ் டிக்கெட், அதே மாத்திரை அட்டை. இரண்டு குறைந்திருந்தது.

மழை ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கும் இழுக்கிறதாம். கடையில் என் பெயரைச் சொன்னாளாம். உடனே கொடுத்துவிட்டான்.

"நாளைக்கே டாக்டர்ட்ட போலாம்டி" என்றேன்.

"பாகல் ஹோ க்யா, மா? பைத்தியமா உனக்கு? பம்ப் குடுத்துடுவாங்க. அவங்க வீட்ல பாத்தா என்ன ஆகும்? கல்யாணம் வரைக்கும் அஞ்சஞ்சு நாளா ஓட்டிக்கறேன். நீ ஓட்டலையா?"