கேப்டன் தங்குவதாகச் சொன்ன வீடு

அனுப்புநர்:
த. சசிரேகா (வயது 34),
த/பெ. தணிகாசலம்,
பிள்ளையார் கோயில் தெரு,
சேரப்பணஞ்சேரி.

பெறுநர்:
நன்னடத்தை அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: தண்டனைக் கைதி கார்முகில் விடுப்பில் வந்து என் வீட்டில் தங்க அனுமதிக்கக் கூடாது என வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறேன். என் கணவர் கார்முகில் கொல்கத்தாவில் ஒரு கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடிய கால்பந்து வீரர். முட்டி போன பிறகு ஊருக்குத் திரும்பினார். எங்கள் பக்கத்தில் கேப்டன் என்றால் அவர்தான். எந்த இடது காலுக்கு ஊரே கை தட்டியதோ அதே காலால், ஓ.டி. முடிந்து தாமதமாக வந்தேன் என்பதற்காக என் வயிற்றில் உதைத்தார், கழுத்தை நெரித்தார். எங்கள் மகள் தென்றல் கத்திய கத்தலில்தான் பிழைத்தேன். மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். கொலை முயற்சி என்று மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது. மூன்றாண்டு முடிந்திருக்கிறது.

2. நீதிமன்றத்தில் நான் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து தெருவில் என் பெயர் ‘சேம் சைடு’, அதாவது சொந்த அணிக்கு எதிராகவே கோல் போட்டவள். "கட்டுன புருசன் மேலயே சாட்சி சொல்லிகீது பாரு, சேம் சைடு கோல் போட்ட பொம்பள" என்று குழாயடியில் என் காதுபடவே பேசுகிறார்கள். பள்ளியில் தென்றலையும் ‘சேம் சைடு பொண்ணு’ என்கிறார்கள். ஐயா, உதை விழுந்தது கட்டிய மனைவியின் வயிற்றில். அப்படியிருக்க சேம் சைடு கோல் போட்டது யார்? இதைக் கேட்டால் எல்லோரும் வேறு பேச்சு பேசுகிறார்கள்.

3. இப்போது பொங்கல் டோர்னமெண்ட் இறுதி ஆட்டத்தைத் தொடங்கி வைக்க அவரை விடுப்பில் அழைத்து வர ஏற்பாடு நடக்கிறது. ‘கேப்டன் வருகிறார்’ என்று பஸ் நிறுத்தத்தில் பேனர் வைத்துவிட்டார்கள். அவர் கோப்பை வாங்கிய நாளில் நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படம் அது. என்னை வெட்டிவிட்டார்கள், அவர் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம். தினமும் அதன் கீழே நின்றுதான் கம்பெனி பஸ் ஏறுகிறேன்.

4. டோர்னமெண்ட் நடத்தும் எங்கள் ஊர் கிளப்பின் செயலாளர் மாரிராஜ் வீட்டுக்கு வந்து, "ஆபீசர் கேட்டா ஆட்சேபணை இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுக்கா, போதும்" என்றார். அது கெஞ்சல். பக்கத்து வீட்டில் இருக்கும் என் கணவரின் அண்ணன் அன்பு வேறு மாதிரி சொன்னார்: "தண்டன முடிஞ்சா எப்படியும் இந்த வூட்டுக்குத்தான் வருவான். அத மனசுல வெச்சுகினு பேசு." நான் பயந்துபோனேன். இதை மிரட்டல் என்று புகார் செய்தால், புத்திமதி சொன்னேன் என்பார்.

5. அவர் தங்குமிடமாகக் கொடுத்திருப்பது என் பெயரில் உள்ள வீடு. என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம்தானே என்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை, ஐயா.

6. ஆகவே, இந்த முகவரிக்கு அவரை அனுப்பப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்துத் தனியாக விசாரியுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன். பதிலைச் சுங்குவார்சத்திரத்தில் உள்ள என் தந்தை வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த முகவரியைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

7. தெருவில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது விதியானால், இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளப் பையன்கள் தங்களுக்கு நாற்காலி போடுவார்கள். அன்பு பக்கத்திலேயே நிற்பார். நானே டீ கொண்டு வந்து வைப்பேன். ஆட்சேபணை உண்டா என்று தாங்கள் கேட்பீர்கள். "இல்லீங்க சார்" என்பேன். சிரித்துக்கொண்டேகூடச் சொல்வேன். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 22.12.2025

தங்களை மட்டுமே நம்பியிருக்கும்,
த. சசிரேகா