அட்டையில் என் பெயர்

ஜூலை 7, திங்கள்
காலையில் தூறல். குடை மறந்து போனேன், கள்ளக்குறிச்சி அச்சகம் வரை நனைந்து. புத்தகம் தயார். 'ஆங்கிலத்தில் அடிக்கடி செய்யும் தவறுகள்'. அட்டையில் என் பெயர். எட்டாவதோடு நின்றவன் பெயர், அச்சில். இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

வீட்டில் பிரித்தேன். நான் எழுதிக் கொடுத்தது இடது பக்கம் 'தவறு', வலது பக்கம் 'சரி'. வரிகள் அப்படியே இருக்கின்றன, தலைப்புகள் மட்டும் இடம் மாறிவிட்டன. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' சரியாம். 'ஹி டிட் நாட் வென்ட்' சரியாம். 'கோப் வித்' தவறாம், 'கோப் அப் வித்' சரியாம். கடைசிப் பக்கம் வரை இதே அசிங்கம். பதினோரு வருடம் சேர்த்த பட்டியல்.

சாப்பிடவில்லை.

8, செவ்வாய்
வெயில். மூட்டு வலி. அச்சகக்காரர் தனசேகரோடு சண்டை.

"இன்னாங்கய்யா, மொத பக்கத்துல மொத வார்த்தையே 'தவறு'ன்னு வந்தா வெளங்குமா? பூசை போட்டு ஓட்டற மிஷினு. அதான் 'சரி'ய முன்னாடி வெச்சேன்."

"கீழ இருக்கறத படிச்சியாப்பா?"

"இங்கிலீச யாரு படிச்சுக்கினு இருக்கறது?"

சிரிக்கிறார். நெற்றியில் குங்குமம் வேறு. மிச்சத்தை விற்காதே என்று கத்திவிட்டு வந்தேன். நாற்பது பிரதி முன்பே வெள்ளிமலை டியூஷனுக்குப் போய்விட்டதாம்.

வாங்க: தைலம், பல்பு.

9, புதன்
மலை பஸ். வளைவுக்கு வளைவு வயிறு புரட்டல். பக்கத்து ஆள் போனில், "டோன்ட் டிஸ்கஸ் அபவுட் இட்!" என் பட்டியலில் இருக்கும் தவறு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிமலையில் பனிமூட்டம். டியூஷன் வாசலிலேயே கேட்டது, நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "ஹி டிட் நாட் வென்ட்!"

நடத்துவது செல்வி, மலையிலேயே பிறந்த பெண். தலைப்பு மாறிய கதையைச் சொன்னேன்.

"இல்லீங்கய்யா, சரியாத்தான் இருக்குது. நாங்க பேசற மாதிரியே இருக்குது. அந்தத் 'தவறு' பக்கம்தான் தப்புத்தப்பா. படிச்சுட்டு ஒரே சிரிப்பு."

திருப்பிக் கொடு என்றேன். மாட்டாளாம். தலைப்பையாவது மாற்றி எழுதுகிறேன் என்றேன்.

"வேணாங்க. பாதி மனப்பாடம் ஆயிடுச்சு, கொழப்பாதீங்க. புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு கையெழுத்து போட்டுக் குடுங்க, அது போதும்."

புத்தகத்தை நீட்டிக்கொண்டு வரிசை நின்றது. பேனாவை எடுத்தேன். நாற்பது அட்டை. ஒவ்வொன்றிலும் அச்சிட்ட என் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன், எழுத்து மறையும் வரைக்கும்.