செக்ரோலில் இன்னும் உன் பெயர்

அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அடுப்படியில் மெழுகுவர்த்தி வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பேக்டரி வேலைக்குப் போன சிலிபினிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. படிப்பை நிறுத்த வேண்டாமென்று அப்பாவிடம் நானே பேச வேண்டும் என்பதற்கு, 'பிளக் அப் கரேஜ்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். தைரியத்தை வரவழைத்துக்கொள் என்று தமிழிலேயே எழுதினால் என்ன? வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். "கரேஜ்னா காரு நிக்கிற எடம்லா. கரிஜ்னு சொல்லு" என்றார் தேவசகாயம் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சரியாக உச்சரிக்கிறேன், எழுத்து விடாமல் எழுதுகிறேன், இறந்த காலத்திலும் சொல்கிறேன். அப்பா முன்னால் நின்றால் தமிழே வருவதில்லை.

நேற்று ஒருவழியாக, "எஸ்.ஆர்.பி. பரீட்சை இருக்குப்பா" என்றேன்.

"உங்கக்கா சொல்லாமக் கொள்ளாம பேக்டரிக்குப் போயிட்டா. அவ பேரு இன்னும் செக்ரோல்ல இருக்குலா. திங்கக்கெழம அந்தப் பேருக்கு நீ பெரட்டுல நில்லு" என்றார்.

எனக்கு வயது போதாது என்று தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் என் பெயரைப் பதிய மாட்டார்களாம். அதனால் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் கங்காணி உன் பெயரைக் கூப்பிட, நான் கையைத் தூக்க வேண்டும். பிறகு பால்மரம் சீவுவதுதான், பள்ளிக்கூடம் இல்லை.

செக்ரோல் எழுதும் ஆபீஸ் கிராணியிடம் கேட்டுவிட்டேன். நீ நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உன் பெயரை அடித்து நீக்குவாராம். பெயர் இல்லாவிட்டால் அதற்கு நான் நிற்க முடியாது. ஆபீஸ் நம் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அப்பா கண்ணில் படாமல் போக முடியாது. அது தெரிந்துதானே அங்கே இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாய்?

சனிக்கிழமை வா. எனக்கும் பயம்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து உன் கூடவே நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை