கேட்டுப் பெட்டியில் இருந்த போன்கள்

ஐப்பசி 9, ஞாயிறு. மழை.

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. ‘ழ’ போட்டால் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. இதைத் திரும்பப் படிக்கப் போவது நான் ஒருவன்தான். அதனால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆகட்டும். அறுபத்தாறு வயதில் கையில் பேனா.

இந்த வாரம் யாரையும் கேட்காமல் படித்தவை: பஸ் போர்டில் மயிலம். கூட்டேரிப்பட்டு. ‘படியில் நிற்காதீர்’. ரேஷன் கார்டில் என் பெயர். அதன் பக்கத்தில் அப்பா பெயர். அப்பாவை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

சாயந்திர வகுப்பு டீச்சர் சொன்னது: “கெடச்சதெல்லாம் படிங்கய்யா. போன்ல வர்றதக்கூட வுடாதீங்க.” நாளையிலிருந்து கம்பெனி குரூப்.

ஐப்பசி 10, திங்கள். தூறல்.

எனக்கு மில் வாசல் கேட்டில் காவல் வேலை. வேர்க்கடலை ஆட்டுகிற மல்லாட்டை எண்ணெய்க் கம்பெனி. மில் திண்டிவனத்தில், குடோன் விழுப்புரத்தில், தலைமை ஆபீஸ் சென்னையில். எல்லாருக்கும் ஒரே வாட்சப் குரூப், இருநூறு பேருக்கு மேல். ஷிப்ட், லீவு, பிறந்தநாள், திட்டு, எல்லாம் அதில்தான். நோட்டீஸ் போர்டில் பழைய காலண்டர் தொங்குகிறது.

காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறவர்கள் போனை என் மரப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஆறு மணிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்டுக்காரன் போன் மட்டும் கேட்டுக்காரனிடம். குடோனில் இந்தப் பெட்டி கிடையாது.

குரூப்பைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் படித்தேன். ‘ஆயுத பூஜை பொரி கேன்டீனில் பெற்றுக்கொள்ளவும்.’ எனக்கு யாரும் சொல்லவில்லை. பொரி போயிற்று. சிரித்துக்கொண்டேன்.

இன்னும் மேலே போனால் ஒரே ஒரு வரி. ‘சேகர், ஏழுமலையை நீக்கினார்.’

இங்கே வேலையை விட்டு அனுப்புவது இப்படித்தான். கடிதம் கிடையாது. சேகர் எங்கள் சூப்பர்வைசர். ஏழுமலை வல்லத்துக்காரன், பெல்ட் ஓட்டுகிறவன், இரண்டு பெண் பிள்ளைகள். ஆவணியில் ஓடுகிற பெல்ட்டில் சிக்கிய மல்லாட்டைத் தோலைத் தட்டிவிடப் போய், வலது கை மணிக்கட்டோடு போயிற்று. என்னை மாமா என்பான்.

ஐப்பசி 11, செவ்வாய். விடாத மழை.

குரூப்பில் ஆடி மாதத்துக்குப் போய்விட்டேன். போகாமல் இருந்திருக்கலாம்.

‘ஓடும் பெல்ட்டில் கை வைக்கக்கூடாது. சுவிட்சை நிறுத்திய பிறகே சுத்தம் செய்ய வேண்டும். படித்து ஒப்புக்கொண்டவர்கள் கட்டைவிரல் போடவும்.’

கீழே வரிசையாகக் கட்டைவிரல் படம். ஒவ்வொன்றிலும் நேரம். 10.41. 10.41. 10.42. ஏழுமலை 10.43.

காலை பத்தே முக்காலுக்கு அவன் பெல்ட் பக்கத்தில். அவன் போன் என் பெட்டியில்.

ஞாபகம் வந்துவிட்டது. சேகர் சார் கேட்டுக்கு ஓடி வந்தார். “பெரிசு, பெட்டில கீற போன்ல எல்லாம் இந்தக் கட்டவிரல அமுக்கி வுடு. ஹெட் ஆபீஸ்ல பேஜார் பண்றாங்க. ஜல்தி.” பூட்டு இல்லாத போன் பத்தொன்பது. ஒன்றில் தவறிப் பூப்படம் விழுந்தது. அவரே அழித்துக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வேலையைச் சுத்தமாக முடித்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஏழுமலை நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவுக்கு லேபர் ஆபீசில் கம்பெனி காட்டுகிற காகிதம் இந்தப் பக்கம்தான். போன மாதம் கேன்டீனில் ஒருவன்: “படிச்சி ஒத்துக்கினு அப்புறம் கைய வுட்டான். கம்பெனி இன்னா பண்ணும்?” நானும் தலையாட்டினேன்.

நாளைக்கு சேகர் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஐப்பசி 12, புதன். மழை இல்லை.

சேகர் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“நீ எதையும் பாக்கல பெரிசு. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே.”

“இப்போ தெரியும் சார்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “எனக்கும் மேலருந்துதான் சொன்னாங்க. எனக்கும் புள்ளைங்க கீது. வாய மூடிக்கினு இரு.” கெட்ட மனிதர் இல்லை.

ஐப்பசி 14, வெள்ளி. வார லீவு. வெயில்.

செஞ்சி பஸ் ஏறி வல்லம் போனேன். பஸ் போர்டை நானே படித்துத்தான் ஏறினேன். சந்தோஷம் வரவில்லை.

ஏழுமலை இடது கையால் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நானே போட்டிருப்பேன்னு நெனச்சிக்கினு கீறேன் மாமா,” என்றான். “எல்லாத்துக்கும் போடறதுதானே. லேபர் ஆபீசரு கேட்டப்போ ஆமான்னு தலையாட்டிட்டேன்.”

அவன் மனைவி லட்சுமி வாசல்படியில் நின்றாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. “படிக்கத் தெரியாதப்பவே இவ்ளோ பண்ணிட்டீங்க. படிச்சிட்டு இன்னா பண்ணப் போறீங்க?”

வரும் செவ்வாய் விழுப்புரம் லேபர் ஆபீசில் கடைசி விசாரணையாம். எழுந்து வந்தேன்.

ஐப்பசி 15, சனி. மேகமூட்டம்.

மத்தியானச் சங்கு ஊதிய பிறகு கேட்டில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். அரை மணி நேரம். இரண்டு லாரி ஹாரன் அடித்தது. நிற்கட்டும் என்று விட்டேன். எழுதியது இது:

‘ஆடி மாதம் பெல்ட் நோட்டீசுக்கு பத்தொன்பது பேர் கட்டைவிரல் நான் போட்டது. போன் எல்லாம் என் பெட்டியில் இருந்தது. ஏழுமலை அதைப் படிக்கவில்லை. போடச் சொன்னது ஆபீஸ். முனுசாமி, கேட்.’

அனுப்பினேன். இருநூறு பேர்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அந்த இடத்தில் என் எழுத்து இல்லை. யாரோ அழித்துவிட்டார்கள். அதற்குக் கீழே புது வரி. ‘சேகர் உங்களை நீக்கினார்.’

கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்தேன். யாரும் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பெட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்தேன். ஆறு மணி வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். பதினெட்டு வருடம்.

ஐப்பசி 16, ஞாயிறு. மறுபடி மழை.

மனைவி காபி மட்டும் வைத்தாள், கொஞ்சம் சத்தமாக.

பதினோரு மணிக்கு லட்சுமி போன். அழிப்பதற்குள் விழுப்புரம் குடோன் பேக்கிங் செக்‌ஷனில் யாரோ என் எழுத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார்களாம். பேர் சொல்ல வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

“லேபர் ஆபீசுல எழுத்து மட்டும் போதாதாம். போட்ட ஆளே நேர்ல வந்து சொல்லணுமாம். வருவீங்களா?”

“வர்றேம்மா.”

“அவங்க ஒரு காகிதம் எழுதி வச்சிக்கினு கையெழுத்துப் போடச் சொல்வாங்க. முழுசாப் படிக்காம போடாதீங்க மாமா.”

முதல் தடவையாக மாமா என்றாள்.

ஒரு பக்கம் படிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அத்தனை பேரும் காத்திருக்கட்டும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் அடுத்த வாரம் இந்த நோட்டில் எழுதுவேன், நல்லதோ கெட்டதோ.