'கடைசி பஸ்' என்ற பெயரில் ஆடுவது உன் அம்மாதான்

எங்கள் கேப்டன் மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். இது நேரில் பார்த்து எழுதுவது. அங்கே நீ சுகம் என்பதற்கு நீ சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, அதனால் அடுத்த முறை வீடியோவில் பேசும்போது முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டு. இனிச் செய்தி. வரும் ஞாயிறு மாலை அந்தப் போன் விளையாட்டில் உன் அணி இறங்கும் அதே களத்தில் உன் அம்மாவும் இறங்குகிறாள், உன்னோடு அல்ல, உனக்கு எதிராக. போட்டி நடத்துபவர்கள் இன்று வியாழன் காலை வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது, நானே இரண்டு முறை படித்தேன். அவள் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'டெப்போ நால்வர்' என்று ஓர் அணி இருக்கும், அதில் 'கடைசி பஸ்' என்று ஒருவர் இருப்பார், அவர்தான் நம் வீட்டம்மா. இதைப் போனில் சொல்லக்கூடாது, மெசேஜில் அனுப்பக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தபாலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தபால் நிலையத்தில் விசாரித்தேன், உன் கைக்கு வந்து சேர எட்டு நாளாகும் என்றார் அங்கிருந்த அம்மையார். நீ இதைப் படிக்கும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஆக, சத்தியமும் பிழைத்தது, என் வயிறும் வெடிக்காமல் தப்பித்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் நீ அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டு உன் ஆபீஸ் தோழியை நாலாவது இடத்தில் போட்டாயே, அதை நான் குறை சொல்லவில்லை. ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனவள், நடுரோட்டில் எதிரி துப்பாக்கியோடு நிற்கும்போது பிரேக் போட்டு அவனுக்கு வழிவிட்டால் எந்தக் கேப்டனுக்கும் பொறுமை போகும். கொஞ்ச நாள் வெளியே உட்கார்ந்து பாரும்மா என்று நீ சொன்னபோது அவள் சரிம்மா என்று சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் அதன் பிறகு இரண்டு நாள் அவள் ஆட்டத்தைத் திறக்கவே இல்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து ஷூவைக் கழற்றுவாள், கழற்றிய ஷூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் நானே கேட்டேன், ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு என்று. அதற்கு அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "போன்ல பேசினா ஒரு தடவை அம்மாங்கறா, சாப்பிட்டியாங்கறா, வெச்சிடறா. ஆட்டத்துல அம்மா இடது பக்கம், அம்மா படு, அம்மா ஓடு, அம்மா என்னை ஏத்திக்கோன்னு எத்தனை தடவை கூப்பிடுவா தெரியுமா. அது எனக்கு இப்ப இல்ல." எழுந்து போய்க் கை கழுவினாள்.

குற்றம் போன் மேல்தான் என்பது அவள் கட்சி. யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய சின்னப் போன் அது. இரண்டு கட்டைவிரலையும் வைத்தால் நடுவில் தீப்பெட்டி அளவுக்குத்தான் உலகம் தெரியும், அதில் நிற்பவன் நம் ஆளா எதிராளா என்று பார்ப்பதற்குள் எப்படி வண்டியை ஏற்றுவது என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் கேமரா, பேட்டரி, வேகம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். அம்மா எதையும் காதில் வாங்காமல் ஒவ்வொரு போனாக எடுத்து ஸ்டியரிங் பிடிப்பதுபோல் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள், இரண்டு கட்டைவிரலையும் வைத்து நடுவில் எவ்வளவு ரோடு தெரிகிறது என்று பார்த்தாள். கடைசியில் வேறு கம்பெனியின் பெரிய போன் ஒன்றை எடுத்து, முன்கண்ணாடி இவ்வளவு இருந்தால் போதும் என்று முடித்துவிட்டாள். விற்பனையாளர் என்னைப் பார்த்தார், நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். உன் மாமாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, அந்தச் சின்னப் போன் கம்பெனியை விட்டு ஒரு நாளும் வெளியே வராத பக்தன். அக்கா, கடைசியில நீயே கட்சி மாறிட்டியே என்று போன் செய்து அழாத குறை. வரவேற்பு மாலை போட்டார்களா என்றுகூடக் கேட்டான்.

அதன் பிறகுதான் இடி விழுந்தது. படங்கள் வந்தன, நம்பர்கள் வந்தன, ஆட்டக் கணக்கு மட்டும் புதுப் போனுக்கு வரவில்லை. பழைய கம்பெனிக் கணக்கோடு கட்டிவைத்தது அங்கேயே தங்கிவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் அவள் சேர்த்த மஞ்சள் கோட்டு, பட்டங்கள் எல்லாம் போச்சு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாதிரி அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். கண் கலங்கித்தான் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. என்னவென்று கேட்டால், இப்போது என்னை யாருக்குமே தெரியாது இல்லையா என்றாள். 'கடைசி பஸ்' பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

மறுநாள் டெப்போவில் ஆள் பிடித்தாள். அவளோடு போகும் கண்டக்டர், பட்டறை மெக்கானிக், ஊரே நடுங்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர், இவர்கள்தான் மற்ற மூவர். பயிற்சி சாப்பாட்டு இடைவேளையில், நிறுத்தி வைத்த பஸ்ஸின் கடைசி சீட்டில் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் களத்தில் இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் குண்டு இருக்கிறதா என்று சோதிக்கிறாராம், இல்லாதவரை ஜீப்பில் ஏற விடுவதில்லையாம். போன் பெரிதாகி என்ன பயன் என்று கேட்காதே. எதிராள் வந்தால் அம்மா இப்போதும் பிரேக்தான். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு, டிரைவரக்கா, அவன் பயணி இல்ல, வண்டியை மேல ஏத்துங்க என்று கத்தினாராம். முன்னாடி அவன் யாருன்னு தெரியல, இப்ப சட்டை பட்டன் வரைக்கும் தெரியுது, எப்படி மனசு வரும் என்று அம்மா திருப்பிக் கேட்டாளாம். இதைச் சொல்லிச் சொல்லிக் கண்டக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் ஒன்று, முழு ரோடும் கண்ணில் பட ஆரம்பித்ததும் அவள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். எதிராளிகள் இருக்கும் கட்டடத்தைச் சுற்றி மூன்று ஸ்டாப் வைத்துக்கொள்கிறாள், மூவரையும் ஒவ்வொன்றில் இறக்கிவிடுகிறாள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து ஏற்றிக்கொள்கிறாள். சுடுவது அவர்கள் வேலை. அவள் இதுவரை ஒருவரையும் இடிக்கவில்லை, ஒருவரையும் விட்டுவிட்டும் வரவில்லை. இப்படி ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து ஏறித்தான் உன் களம் வரை வந்திருக்கிறார்கள். டெப்போவில் இப்போது அம்மாவின் நடையே ஒரு தினுசாக இருக்கிறதாம். பெரிய போன் அடங்க வேண்டும் என்று தையல்காரரிடம் கொடுத்து யூனிஃபார்ம் பையை அகலமாக்கிக்கொண்டாள். அதைக் கேள்வி கேட்க வந்த இன்ஸ்பெக்டரே தன் சட்டையையும் அங்கேயே கொடுத்திருக்கிறார்.

எனக்கு ஒரே கவலை. நேற்று அவளிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை நம் பெண்ணே ரோட்டில் வந்து நின்றால் என்ன செய்வாய் என்று. புதுப் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவளை மட்டும் இடிச்சிடுவேன். மத்தவங்க யாரு பெத்த பிள்ளைங்களோ, கோவிச்சுப்பாங்க. இவ கோவிச்சாலும் போன் பண்ணுவா." நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், ஆனால் போன் பண்ணுவாள்தானே என்று பிறகு என்னிடம் ஒரு தடவை கேட்டாள்.

மணிக்கட்டு வலி என்றாயே, ஆட்டத்துக்கு நடுவில் கையை உதறி விட்டுக்கொள். வயிற்றைக் காயப்போட்டு விளையாடாதே. உன் ஆபீஸ் தோழிக்கு எங்கள் அன்பைச் சொல், அந்தப் பெண் மேல் இங்கே யாருக்கும் வருத்தமில்லை. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இரு.

இந்த வரி வரை தெரியாதவை இரண்டு. ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது ஒன்று. அது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் இங்கே தெரிந்துவிடும், அங்கே உனக்கும் தெரியும், உன்னை இடித்தது யார் என்பது மட்டும் இந்தக் கடிதம் வரும் வரை தெரியாது. மற்றது, ஞாயிறு மாலைகளில் அவளுக்கு உன் பக்கத்தில் ஓர் இடம் உண்டா என்பது. அதை முடிவு செய்ய வேண்டியவள் நீ. கடிதம் அடுத்த வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைக்கும் என்கிறார்கள். அதற்கு இரண்டாம் நாள் ஞாயிறு. அன்று மாலை அவள் டூட்டி கேட்கவில்லை, வீட்டில்தான் இருப்பாள்.

உன் பதிலுக்காக அவளை விட அதிகமாகக் காத்திருக்கும்,
அப்பா