ஹாலிலிருந்து வந்த நறநற

என்னங்க, சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் பதினோரு மணிக்கு வருவார், கூடவே நின்னு பாருங்க.

தூக்கத்துல நான் பல்லை நறநறன்னு கடிக்கிறேன்னு நீங்க சொன்ன ஒரே சொல்லுக்காக, மூணு மாசமா அந்தப் பல் உறையை மாட்டிக்கிட்டுப் படுத்தேன். நேத்து கோவிச்சுக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்தீங்களே, நான் விடிய விடிய முழிச்சுத்தான் கிடந்தேன். அப்பவும் அதே நறநற. ஹால்லேருந்து!

உறையைக் குப்பையில போட்டாச்சு. என் பல்லுக்கு அளவெடுத்தது, உங்களுக்குச் சேராது. சாயந்திரம் ஆறு மணிக்குப் பல் டாக்டர்கிட்ட உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கேன். சாக்கு சொல்லாம போங்க.

பி.கு: உங்க தலையணையைத் திரும்பக் கட்டில்ல போட்டுட்டேன். கோபம் இன்னும் தீரல. அந்தச் சத்தம் பக்கத்துல கேட்காம எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான்.